ரத்தக் குழாய்ப் புற்றும் நுண்ணூசி மாதிரியும்

உடலிலுள்ள ரத்தக் குழாய்கள் அனைத்தின் உட்சுவரையும், இதயத்தின் அறைகளையும்கூட, ஒரே ஒரு செல் தடிப்புள்ள மெல்லிய படலம் ஒன்று மூடியிருக்கிறது. எண்டோதீலியம் எனப்படும் இப்படலத்தின் செல்கள் தட்டையானவை. ஓடும் ரத்தத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பவை. கரு வளரும்போதும் புண் ஆறும்போதும் பெருகி, தம்மைத் தாமே புதிய நுண்குழாய்களாக அமைத்துக்கொள்ளும் ஆற்றல் உடையவை. இச்செல்களின் இயல்பைத் தாங்கி வளரும் புற்றுகளே ரத்தக் குழாய்ப் புற்றுகள். தோலிலும் உறுப்புகளின் மேற்படலங்களிலும் சுரப்பிகளிலும் எழும் புற்றுகளைக் கார்சினோமா என்றும், தசை, கொழுப்பு, எலும்பு, குழாய் போன்ற தாங்குதிசுக்களில் எழுபவற்றைச் சார்கோமா என்றும் மருத்துவர் வகுப்பர். வயது வந்தோருக்கு வரும் புற்றுகளில் சார்கோமாக்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று. மென்திசுச் சார்கோமாக்களுக்குள் ஆஞ்சியோசார்கோமா எனப்படும் கொடிய ரத்தக் குழாய்ப் புற்று நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டே. அதைவிட மெதுவாக வளரும் எபிதெலியாய்டு ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா பத்து லட்சம் பேரில் ஒருவரிடம் காணப்படும் அளவுக்கு அரிது. இவற்றோடு, வைரஸால் தூண்டப்படும் கபோசி சார்கோமாவையும் சேர்த்தால் இவ்வுரை பேச எடுத்துக்கொண்ட குடும்பம் ஏறக்குறைய முழுமை பெறும்.

இப்புற்றுகளை நுண்ணூசிப் பரிசோதனையில், அதாவது மருத்துவமனைகளில் எஃப்.என்.ஏ.சி. என்ற பெயரில் நோயாளிகளுக்கும் பழக்கமாகிவிட்ட சோதனையில், எவ்வாறு இனங்காண்பது, எந்த அளவுக்கு இனங்காண முடியும் என்பதே கேள்வி. இச்சோதனையில் 22 முதல் 25 வரையிலான கேஜ் எண் கொண்ட, ஏறத்தாழ அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டருக்குள் விட்டமுள்ள ஊசி கட்டிக்குள் செலுத்தப்படுகிறது. ஊசிமுனை சில முறை முன்னும் பின்னுமாக நகர்த்தப்பட, தளர்ந்து பெயரும் செல்கள் ஊசித் துளைக்குள் ஏறுகின்றன. அவை கண்ணாடித் தகடுகளில் தடவப்பட்டு, சில காற்றில் உலர்த்தப்பட்டுக் கீம்சா வகைச் சாயத்திலும், சில உடனே ஆல்கஹாலில் அமிழ்த்தப்பட்டுப் பாப்பனிகோலா சாயத்திலும் தோய்க்கப்படுகின்றன. உலர்ந்த தகட்டில் செல்கள் பரந்து விரிந்து சைட்டோபிளாசத்தையும் செல்களுக்கு இடையிலுள்ள பொருளையும் தெளிவாகக் காட்டும். ஆல்கஹாலில் பதப்பட்டதில் உட்கருவின் நுட்பம் துலங்கும். இரண்டும் தேவை என்பதைச் செல்லியல் மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊசி குத்துபவர் வேறொரு துறையினராக இருக்கும் இடங்களில் தகடுகள் எல்லாமே ஒரே விதமாக உலர்ந்து வந்து சேர்வதும் வழக்கமாக இருக்கிறது.

ரத்தக் குழாய்ப் புற்றைப் பொறுத்தவரை இம்முறையின் இடர் அதன் அடிப்படையிலேயே உள்ளது. திசுத்துண்டை வெட்டி எடுத்துச் செய்யும் பயாப்சியில், புற்றுச் செல்கள் ஒன்றோடொன்று கிளைத்து இணையும் ஒழுங்கற்ற கால்வாய்களை அமைத்திருப்பதும், அக்கால்வாய்களுக்குள் சிவப்பணுக்கள் நிரம்பியிருப்பதும், கொழுப்பையும் தசையையும் அவை பிளந்துகொண்டு செல்வதும் கண்ணுக்குத் தெரியும். குழாய் என்னும் அமைப்பே அங்கே நோயின் அடையாளம். ஊசியோ அந்த அமைப்பைக் கலைத்துவிட்டுச் செல்களை மட்டும் கொண்டுவருகிறது. கோலத்தைக் கலைத்து மாவை மட்டும் கையில் அள்ளிக் கொடுத்து, போட்டிருந்தது எந்தக் கோலம் என்று கேட்பதற்கு ஒப்பானது இது. இரண்டாவது இடர் ரத்தம். மற்ற கட்டிகளில் ரத்தம் கலந்த மாதிரி என்பது பெரும்பாலும் ஊசி வழிதவறி ஒரு குழாயைத் துளைத்துவிட்டதன் விளைவு. இக்கட்டிகளில் ரத்தமே கட்டியின் உள்ளடக்கம். ஆகவே தகடு முழுவதும் சிவப்பணுக்கள் பரந்திருக்க, தேடப்படும் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ரத்தத்தை மாதிரியின் குறைபாடாகக் கொண்டு ஒதுக்கும் பழக்கமே இந்நோய் தவறவிடப்படுவதற்கு முதற்காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

ஊசியால் கட்டியின் செல்களை எடுத்துப் பார்க்கும் முறையை ஓர் ஒழுங்கான கண்டறிதல் வழியாக வளர்த்தது நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனை. அங்கு அறுவை மருத்துவர் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் 1930இல் இம்முறையைப் பற்றி எழுதினர். அவர்கள் எடுத்துத் தந்த தகடுகளைப் படித்த நோய்க்குறியியல் அறிஞர் ஃப்ரெட் ஸ்டூவர்ட் 1933இல் தம் அனுபவத்தைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார். அமெரிக்காவில் இம்முறை அதன்பின் நெடுங்காலம் வரவேற்பின்றிக் கிடந்தது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் சிக்ஸ்டன் ஃப்ரான்சென், ஜோசப் ஜாயிசெக் முதலியோர் 1950களிலும் 1960களிலும் மெல்லிய ஊசியைக் கொண்டு இதைப் பெருக்கிய பிறகே உலகம் முழுதும் பரவிற்று. அதே ஸ்டூவர்ட், 1948இல் நார்மன் ட்ரீவ்ஸ் என்பவருடன் சேர்ந்து, மார்பகப் புற்றுக்காக மார்பு முழுவதும் அகற்றப்பட்டு, நிணநீர் வடியாமல் பல ஆண்டுகளாகக் கை வீங்கியிருந்த ஆறு பெண்களின் வீங்கிய கைகளில் புதிதாக எழுந்த செந்நீலக் கட்டிகளை விவரித்தார். அவை பழைய மார்பகப் புற்றின் பரவல் என்றே அதுவரை எண்ணப்பட்டிருக்கக்கூடியவை. உண்மையில் அவை ஆஞ்சியோசார்கோமாக்கள். ஸ்டூவர்ட்–ட்ரீவ்ஸ் நோய்த்தொகுதி என்று அது இன்றும் வழங்குகிறது. ஊசிமுறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரே அம்முறையை மிகுதியும் ஏமாற்றவல்ல கட்டிகளில் ஒன்றுக்கும் பெயர் தந்தார் என்பது மருத்துவ வரலாற்றின் ஒரு விந்தை.

ஸ்டூவர்ட்டும் ட்ரீவ்ஸும் காட்டிய பாடம், தகட்டைப் பார்ப்பதற்கு முன்பே நோயாளியின் முன்வரலாற்றை அறிந்திருக்க வேண்டும் என்பது. நிணநீர்த் தேக்கத்தால் நெடுங்காலம் வீங்கிய உறுப்பு, அது மார்பக அறுவைக்குப் பிந்தைய கையாக இருந்தாலும், மிக அரிதாக யானைக்கால் நோயால் பருத்த காலாக இருந்தாலும், ஐயத்துக்கு இடம் தருகிறது. மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரின் அதே மார்புத் தோலில் சில ஆண்டுகள் கழித்துத் தோன்றும், கன்றிப்போனது போன்ற நீலத் திட்டும் அவ்வாறே; முதியவர்களின் தலைத்தோலிலும் முகத்திலும் அடிபடாமலே பரவும் கன்றல் நிறமும் அவ்வாறே. கல்லீரலைப் பொறுத்தவரை தொழிலும் சிகிச்சை வரலாறும் கேட்கப்பட வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரில் பி.வி.சி. பிளாஸ்டிக் தயாரித்த ஆலையொன்றில், வினைல் குளோரைடு வாயுவோடு பழகிய தொழிலாளர் சிலர் கல்லீரல் ஆஞ்சியோசார்கோமாவால் இறந்தது 1974இல் வெளிப்பட்டது. பொதுமக்களில் மிக மிக அரிதான ஒரு புற்று ஒரே ஆலையில் அடுத்தடுத்து வந்ததை ஆலை மருத்துவர் ஜான் கிரீச் கவனித்ததால்தான் தொடர்பு புலப்பட்டது. அதன் விளைவாக, பணியிடக் காற்றில் பத்து லட்சம் பங்கில் 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பு ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. 1930களிலிருந்து 1950கள் வரை ரத்தக் குழாய்களை எக்ஸ்ரே படத்தில் காட்டுவதற்காக ஊசியில் ஏற்றப்பட்ட தோரோட்ராஸ்ட் என்னும் தோரியம் கலவையும், நெடுங்கால ஆர்செனிக் நஞ்சும் இதே கட்டிக்குக் காரணங்களாக அறியப்பட்டவை. கதிரியக்கம் கொண்ட தோரியம் கல்லீரலைவிட்டு வெளியேறாமல் தங்கிவிடுவதால் புற்று தோன்றப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆயினும், மேற்கண்ட காரணங்களில் எதுவும் இல்லாதவர்களிடமே பெரும்பாலான ஆஞ்சியோசார்கோமாக்கள் காணப்படுகின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை. செல்லியல் ஆய்வகத்துக்கு வரும் பல விண்ணப்பத் தாள்களில் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லும் நோயாளியின் வயதுமே இருப்பதுதான் இங்கே குறை.

இனித் தகட்டில் தெரிவது என்ன என்பதைப் பார்க்கலாம். ஆஞ்சியோசார்கோமாவின் செல்களுக்கு ஒரே உருவம் கிடையாது. சில கதிர் போல நீண்டு இரு முனைகளும் கூம்பியிருக்கும். சில உருண்டும் பலகோணமாகவும் பருத்து, ஓரம் தள்ளிய உட்கருவும் அதற்குள் துருத்திய உட்கருமணியும் கொண்டு, சுரப்பிப் புற்றின் செல்களைப் போலவோ மெலனோமா எனப்படும் நிறமிப் புற்றின் செல்களைப் போலவோ தோன்றும். இந்த இரண்டாம் வகையே எபிதெலியாய்டு வகை, அதாவது மேற்படலச் செல்களின் சாயல் கொண்டது. பிழைகள் அதிகம் நிகழ்வதும் இதில்தான். ஆறேழு செல்கள் வட்டமாகக் கூடி நடுவே ஒரு சிறு வெளியை விட்டு நிற்கும்போது, அவ்வளையத்தைச் சுரப்பி என்று படிப்பது எளிது. அந்த நடுவெளியில் சிவப்பணு ஒன்றிரண்டு கிடக்கிறதா என்று பார்ப்பவருக்கே அது குழாயாக அமைய முயன்ற செல்களின் கூட்டம் என்பது புலப்படும்.

அமைப்பு கலைந்துபோன மாதிரியில் குழாயைத் தேட வேண்டிய மற்றோர் இடம் தனிச்செல்லின் உள்ளேயே இருக்கிறது. எண்டோதீலியச் செல் குழாயாக உருப்பெறும் வழிகளில் ஒன்று, தன் சைட்டோபிளாசத்தில் ஒரு குமிழை உண்டாக்கி, அதைப் பெரிதாக்கி, அண்டைச் செல்லின் குமிழோடு இணைத்து உட்துளையாக்குவது. புற்றான பின்பும் இத்திறன் முழுவதும் மறைவதில்லை. ஆகவே, கூர்மையான விளிம்புடன் தெளிந்த ஒரு வெற்றிடம் சைட்டோபிளாசத்தில் காணப்பட்டு, அதற்குள் ஒரு சிவப்பணுவோ அதன் சிதைவோ இருந்தால், அது ஒரு செல் அளவில் நின்றுபோன குழாய் எனலாம். இதனைச் சிவப்பணுக்களை விழுங்கிய செல்லிலிருந்து வேறுபடுத்த வேண்டும். ரத்தக்கசிவு நேர்ந்த இடங்களில் மேக்ரோபேஜ் என்னும் துப்புரவுச் செல்கள் சிவப்பணுக்களை விழுங்கி, இரும்பு நிறமியைத் தம்முள் சேர்த்து வைத்திருக்கும். ஆனால் அவற்றின் உட்கரு சிறியது, அமைதியானது, அவரை வடிவில் மடிந்தது. மேலும் ஆஞ்சியோசார்கோமாவின் செல்களும் சில சமயம் சிவப்பணுக்களை விழுங்குகின்றன என்பதால், இதில் உட்கருவைப் பாராமல் முடிவு சொல்லுதல் இயலாது. இந்த அடையாளங்கள் எல்லா மாதிரியிலும் கிடைப்பதும் இல்லை. கிடைக்காதபோது செல்கள் கொடியவை என்பது வரையில்தான் தகடு பேசும்.

குமிழ் உடைய செல்லின் சிறப்பான உறைவிடம் எபிதெலியாய்டு ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா. டேல், லீபோ ஆகிய இருவர் 1975இல் இதை நுரையீரலில் கண்டபோது, காற்றறைச் செல்களிலிருந்து எழுந்து குழாய்களுக்குள் பரவும் ஒரு கட்டி என்றே கருதினர். ஷரோன் வைஸும் ஃப்ரான்ஸ் என்சிங்கரும் 1982இல் மென்திசுவில் 41 நோயாளிகளிடம் கண்ட கட்டிகளைத் தொகுத்து இதற்கு இன்றைய பெயரை அளித்தபோது, கார்சினோமா என்று அடிக்கடி தவறாகக் கொள்ளப்படுவது என்ற குறிப்பைக் கட்டுரைத் தலைப்பிலேயே இட்டனர். அத்தவறு ஊசி மாதிரியில் இன்னும் எளிது. ஒருவரின் கல்லீரல் முழுவதும் பல முடிச்சுகள் எனக் கொள்வோம். ஊசியில் வந்தவையோ உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிய குமிழ்ச் செல்கள். வயிற்றிலிருந்து பரவும் மோதிர வடிவச் செல் புற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சித்திரம் வேறில்லை என்று தோன்றும். மோதிரச் செல்லின் குமிழில் இருப்பது சளிப்பொருள். மியூசிகார்மைன் போன்ற சளிச்சாயத்தில் அது சிவக்கும். ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமாவின் குமிழ் சாயம் ஏற்காமல் வெறுமையாக நிற்கும் அல்லது சிவப்பணுவைக் காட்டும். இதோடு, கீம்சா சாயத்தில் செந்நீலமாகத் தெரியும் இடைப்பொருள் துணுக்குகளும், உட்கருவுக்குள் சைட்டோபிளாசம் மடிந்து புகுந்த போலிக் குமிழ்களும் சேர்ந்தால் ஐயம் வலுப்பெறும்.

இந்த வேறுபாடு சிகிச்சையின் போக்கையே மாற்றுவது. பரவிய வயிற்றுப் புற்று என்று முத்திரை குத்தப்பட்டவருக்கு, இல்லாத மூலக்கட்டியைத் தேடி எண்டோஸ்கோப்பியும் ஸ்கேனும் நடக்கும். அதற்குரிய கடும் மருந்துகளும் தொடங்கும். ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா என்று அறியப்பட்டவருக்கோ, சில ஆண்டுகள் அசையாது கிடக்கக்கூடிய கட்டி என்பதால் முதலில் கவனித்திருத்தலே போதும் எனப்படலாம்; கல்லீரல் முழுவதும் பரவிய நிலையிலும், மற்றப் பரவிய புற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணிப் பார்க்கவும் முடியாத கல்லீரல் மாற்று அறுவை இவருக்கு ஏற்ற வழியாக முன்வைக்கப்படலாம்.

இக்குடும்பத்தின் மூன்றாவது புற்றான, வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி 1872இல் விவரித்த சார்கோமாவின் தகட்டில் கதிர்ச்செல்கள் இறுகிய கொத்துகளாகக் கிடக்கும். உட்கருக்கள் பெரிதும் சாதுவானவை. 1994இல் யுவான் சாங், பேட்ரிக் மூர் ஆகியோர் இதன் காரணமான எட்டாம் மனித ஹெர்ப்பிஸ் வைரஸைக் கண்டறிந்த பிறகு, அவ்வைரஸின் புரதத்தை உட்கருவில் புள்ளிகளாகக் காட்டும் சாயமே போதுமான சான்றாகிவிட்டது. எச்.ஐ.வி. தொற்றாளரின் நிணநீர் முடிச்சில் இதை எண்ணும்போது, பார்டோனெல்லா என்னும் பாக்டீரியாவால் குழாய்கள் பெருகும் பேசிலரி ஆஞ்சியோமட்டோசிஸையும் உடன் எண்ண வேண்டும். எரித்ரோமைசின் கொடுத்தால் குணமாகிவிடும் நோய் அது.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் தீர்மானம் தராதபோது எதிர்ப்பொருள் சாயங்கள் உதவிக்கு வருகின்றன. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை மாதிரியின்மீது இட்டு, அது பற்றிய இடத்தை நிறமேற்றிக் காட்டும் முறை இது. எண்டோதீலியத்துக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் சாயங்கள் காட்டுபவை ரத்த உறைவின் எட்டாம் காரணி சார்ந்த புரதம், சி.டி.34, சி.டி.31 ஆகியவை. திசுத்துண்டில் இவை நன்கு பயன்படுகின்றன. ரத்தம் நிறைந்த ஊசி மாதிரியிலோ ஒவ்வொன்றும் ஒரு வழியில் தடுமாறச் செய்யும். எட்டாம் காரணிப் புரதம் ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே இருப்பதால் தகட்டின் பின்புலம் முழுவதும் கறைபட்டுவிடும். சி.டி.31 ரத்தத் தட்டணுக்களிலும் மேக்ரோபேஜ்களிலும் உள்ளது. புற்றுச் செல்லின்மேல் ஒட்டிக்கிடக்கும் தட்டணுக்களை அச்செல்லின் சவ்வு எனக் கொள்ளும் பிழைக்கு அது வழிவிடும். சி.டி.34 ரத்தக் குழாய் சாராத வேறு சில சார்கோமாக்களிலும் காணப்படுவது. உட்கருவுக்குள் மட்டும் நிறமேறும் ஈ.ஆர்.ஜி. என்னும் சாயம் 2011இலிருந்து பரவலானபோது செல்லியலாளர்களுக்கு அது பெரும் விடுதலையாக அமைந்தது. சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் உட்கருவே இல்லாததால், எவ்வளவு ரத்தம் இருந்தாலும் நிறமேறிய உட்கரு தனித்து நிற்கும். ஆனால் ஈ.ஆர்.ஜி. இயல்பான எண்டோதீலியத்திலும் உண்டு. ப்ராஸ்டேட் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியிலும் உண்டு. எனவே செல் கொடியது என்பதை உருவத்தால் முடிவு செய்த பிறகே, அதன் இனத்தைச் சாயத்தால் கேட்க வேண்டும்.

இதனினும் நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. இனந்தெரியாத கொடிய செல்களுக்கு ஆய்வகங்கள் முதற்சுற்றில் கெராட்டின் சாயத்தை இடுவது வழக்கம். கெராட்டின் மேற்படலச் செல்களின் இழைப்புரதம், ஆகவே அது ஏறினால் கார்சினோமா என்று கோப்பு மூடப்படும். எபிதெலியாய்டு ஆஞ்சியோசார்கோமாக்களிலும் ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமாக்களிலும் ஒரு பகுதி கெராட்டினை ஏற்கின்றன. அப்படி ஏற்கும் மாதிரியில், ரத்தக் குழாய்ப் புற்று என்னும் எண்ணம் யாருக்கும் தோன்றாவிட்டால் ஈ.ஆர்.ஜி. சாயம் கேட்கப்படாது, கேட்கப்படாத சாயத்தால் நோய் வெளிப்படாது. சாயங்களின் எண்ணிக்கை பெருகியிருப்பது ஐயப்படும் கடமையிலிருந்து எவரையும் விடுவித்துவிடவில்லை.

இச்சாயங்களெல்லாம் நன்கு பலனளிக்கத் தேவையானது செல்கட்டை. ஊசியில் எஞ்சிய துளிகளையும் உறைந்த ரத்தக் கட்டியையும் ஃபார்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, திசுத்துண்டைப் போலவே மெல்லிய சீவல்களாக வெட்டத்தக்கதாக ஆக்குவதே அது. ரத்தம் அதிகம் வந்த மாதிரிகளில் புற்றுச் செல்கள் தகட்டைவிட உறைவுக்குள்தான் சிக்கிக்கொள்கின்றன. எனவே துடைத்தெறியப்படும் உறைவு பல நேரங்களில் மாதிரியின் சிறந்த பகுதியாக இருக்கிறது. சில ரத்தக் குழாய்க் கட்டிகளில், தகட்டில் ஒன்றும் தெரியாதிருக்க, செல்கட்டையின் சீவலில் சிறு கால்வாய்த் துணுக்கே அப்படியே கிடைப்பதும் உண்டு. ரத்தத்தைக் குறைப்பதற்கும் வழி இருக்கிறது: சிரிஞ்சால் உறிஞ்சாமல் ஊசியை மட்டும் செலுத்தி, நுண்துளையின் ஈர்ப்பாலேயே செல்களை ஏறவிடும் முறை, பிரான்சில் 1980களில் விளக்கப்பட்டு இன்று தைராய்டு ஊசிகளில் பெரிதும் கையாளப்படுகிறது.

ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமாவைப் பொறுத்தவரை 2011இல் ஓர் உறுதியான சான்று கிடைத்தது. ஒன்றாம் குரோமோசோமிலும் மூன்றாம் குரோமோசோமிலும் முறிவு நேர்ந்து, டபிள்யூ.டபிள்யூ.டி.ஆர்.1, காம்டா1 என்னும் இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது இக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் காணப்பட்டது. எஞ்சிய சிலவற்றில் வேறோர் இணைவு 2013இல் அறியப்பட்டது. இணைவின் விளைவாக உட்கருவில் குவியும் காம்டா1 புரதத்தை ஒரே சாயத்தால் காட்டிவிடலாம். கதிர்வீச்சுக்கும் நிணநீர்த் தேக்கத்துக்கும் பின் வரும் ஆஞ்சியோசார்கோமாவில் மிக் என்னும் மரபணு பலமடங்கு பெருகியிருப்பதும் இவ்வாறே பயன்படுகிறது. கதிர்வீச்சுக்குப் பின் தோலில் தோன்றும் தீங்கு குறைந்த குழாய்ப் பெருக்கங்களில் இம்மரபணுப் பெருக்கம் இல்லை. ஒளிரும் துணுக்குகளைக் கொண்டு மரபணு முறிவை எண்ணும் ஃபிஷ் சோதனையில் ஊசி மாதிரிக்கு ஒரு மேன்மையும் உண்டு. மெழுகுச் சீவலில் உட்கருக்கள் குறுக்கே வெட்டுப்பட்டு மரபணுக்களில் ஒரு பகுதியை இழந்து நிற்க, தகட்டில் தடவிய செல்லின் உட்கரு முழுதாக இருக்கிறது.

அப்படியானால் ஊசிக்கு உரிய இடம் எது? தோலில் பரந்த நீலத் திட்டுக்கு அது ஏற்றதன்று. மெல்லிய திட்டிலிருந்து ஊசிக்கு வருவது ரத்தம் மட்டுமே, அதற்குத் துளைக் கத்தியால் எடுக்கும் பஞ்ச் பயாப்சியே முறை. இதயத்தின் வலது மேலறையில் எழும் ஆஞ்சியோசார்கோமா இதய உறைக்குள் ரத்தநீரைப் பெருக்கினாலும், அந்நீரில் புற்றுச் செல்கள் பெரும்பாலும் உதிர்வதில்லை. முன்பே கண்டறியப்பட்ட நோயின் மீள்வரவு, நிணநீர் முடிச்சுக்கோ நுரையீரலுக்கோ பரவிய முடிச்சு, பெரிய அறுவையைத் தாங்க முடியாத நோயாளி, நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஆழ்ந்த கட்டியின் முதல் ஆய்வு ஆகியவற்றில் ஊசி தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. வெறும் ரத்தம் வந்த மாதிரிக்குத் ‘தீங்கற்றது’ என்று எழுதுவதற்கு அறிவியலில் இடமில்லை. ஹெமாஞ்சியோமா என்னும் சாதுவான குழாய்க்கட்டியும் ஆஞ்சியோசார்கோமாவும் ஒரே ரத்தத்தைத் தரக்கூடும் என்பதால் ‘மாதிரி போதாது, திசுத்துண்டு தேவை’ என்பதே சரியான அறிக்கை. கொடிய செல்கள் சில கிடைத்து, குமிழும் சிவப்பணுவும் தெரிந்து, செல்கட்டை கிடைக்காதபோது, ‘கொடிய கட்டி, ரத்தக் குழாய் இனம் என ஐயுறப்படுகிறது’ என்று நிறுத்துவது முறை. செல்கட்டையில் ஈ.ஆர்.ஜி.யும் சி.டி.31உம் ஏறி, கெராட்டின் முடிவும் அதன் பொருளும் சேர்த்து எழுதப்பட்டால், நோயின் பெயரையே எழுதிவிடலாம். காம்டா1 ஏறிய மாதிரியில் துணைப்பெயரையும் எழுதிவிடலாம்.